ஹேமலதாவும் வேதாசலம் சாரின் பைப்பும்

ஆம்பூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பும் தெருவில் 'பைப் ரிப்பேர்' என்று கேட்டால் ஹேமலதாவின் வீட்டைக் காட்டுவார்கள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் ஒழுகும் தண்ணீர்க் குழாயைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றதும் உண்டு. "அது இல்லீங்க, இது வாயில வெச்சி புகை புடிக்கிற பைப்பு" என்பாள். வந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆம்பூரில் பைப் பிடிப்பவர்கள் யாரும் இல்லை. பெங்களூரிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் இருந்தார்கள். பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, கூரியரில் அனுப்புவார்கள். வருகிற பைப் எல்லாம் வெளிநாட்டு வேர்க்கட்டையில் கடைந்தவை. உள்ளே வருஷக்கணக்கில் கரி அடையாகப் படிந்திருக்கும். காம்புக்குள் புகையிலைச் சாறு தார் மாதிரி இறுகிக் கிடக்கும். கெட்டி ரப்பரில் செய்த வாய்க்குழல் வெயிலும் எச்சிலும் பட்டுப் பச்சை பாரித்துப் போயிருக்கும். ஹேமலதா கரியை ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்கு விட்டுவிட்டு மீதியைச் சுரண்டி எடுப்பாள். பைப்பில் புகையிலை அடைக்கிற கிண்ணத்தில் உப்பைக் கொட்டி ஸ்பிரிட் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைப்பாள். காலையில் உப்பு டீத்தூள் நிறத்துக்கு மாறியிருக்கும், பழைய நாற்றமெல்லாம் அதில் இறங்கியிருக்கும். பிறகு வாய்க்குழலைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெழுகு போட்டுப் பிடித்தால் அது புதுச் செருப்பு மாதிரி கறுப்பாக மின்னும்.

அந்த மெழுகும் சக்கரமும் ஷூ கம்பெனியில் பழகியவை. பதினாறு வருஷம் அவள் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தாள். அங்கே வந்து தங்கியிருந்த இத்தாலிக்காரர் ஒருவருடைய பைப்பை, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், விளையாட்டுக்கு எடுத்துச் சக்கரத்தில் பிடித்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் திட்டினார். இத்தாலிக்காரர் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுநாள் இன்னொன்றைக் கொண்டுவந்தார்.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் வேதாசலம். தோலுக்குச் சாயமும் மெருகும் விற்கிற கம்பெனியில் கெமிஸ்ட். வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. வாரம் ஒருமுறை ஆம்பூர் தொழிற்சாலைகளுக்கு வந்துபோவார். நாற்பது வருஷம் ஃபார்மலினையும் தின்னரையும் முகர்ந்ததில் அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. "மல்லிப்பூவ மூஞ்சிக்கு நேரா காட்டினாலும் தெரியாதும்மா. இந்தப் புகையிலை வாசனை ஒண்ணுதான் உள்ள போவுது" என்பார். அவருடைய பைப்பை ஹேமலதா சுத்தம் செய்து கொடுத்தாள். அவர் பெங்களூரில் பைப் பிடிக்கிற நண்பர்களிடம் அவளைப் பற்றிச் சொன்னார். பாண்டியனுக்கு நோய் வந்து அவள் வேலையை விட்டபோது, வீட்டிலேயே ஒரு மோட்டாரை வைத்து இதைச் செய் என்று யோசனை சொன்னதும் அவர்தான்.

பாண்டியன் அவள் புருஷன். தோல் தொழிற்சாலையில் தோலைச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்தான். பச்சைத் தோல் வாடைக்கு வாயில் எதையாவது அடக்கிக்கொள்ளாமல் நிற்க முடியாது என்று எல்லோரும் சொல்வதை அவனும் சொன்னான். கீழ் உதட்டுக்குள் புகையிலைத் தூளை வைத்துக்கொண்டால் ஷிஃப்ட் முடியும்வரை எடுக்கமாட்டான். உதட்டுக்குள் புண் வந்தது. ஆறவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கீழ்த் தாடையில் ஒரு பக்கத்தையும் உதட்டில் பாதியையும் எடுத்து, தொடையிலிருந்து சதை வைத்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் உதடு சேராததால் 'ப'வும் 'ம'வும் அவன் பேச்சிலிருந்து போய்விட்டன. அவன் பேசுவது ஹேமலதாவுக்கு மட்டும்தான் புரியும். ஆஸ்பத்திரி செக்கப்புக்குத் தவிர அவன் வெளியே போவதில்லை. போனாலும் மூக்குவரை துண்டைச் சுற்றிக்கொள்வான்.

அப்படிப்பட்ட வீட்டில் புகையிலைச் சாறு ஊறிக்கொண்டிருப்பது சரியா என்று ஹேமலதா தன்னையே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. பக்கத்து வீட்டு முபஷ்ஷிரா நேராகவே கேட்டுவிட்டாள். "அந்த சனியன் புருஷன பாதியா ஆக்கிடுச்சி. அதையே கூடத்துல வெச்சி தொடச்சிட்டு கீறியே ஹேமா, உனக்கு எப்டி மனசு வருது?" ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தபோது, சுத்தம் செய்யாத ஒரு பைப்பைப் பாண்டியன் மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். சத்தம் காட்டாமல் வாசலுக்குத் திரும்பிச் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தாள். அதற்கப்புறம் பைப்புகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

இந்த நிலையில்தான் வேதாசலத்தின் மகள் எழிலரசி அவள் வீட்டுக்கு வந்தாள். எழிலரசி வேலூரில் பள்ளிக்கூட டீச்சர். அம்மா இறந்தபின் அப்பாவைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காராமல் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பா வாயில, உள்கன்னத்துல வெள்ளையா திட்டு விழுந்திருக்கு ஹேமா. பல் டாக்டர் பாத்துட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் சதை எடுத்து டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லிட்டாரு. இவரு போகவே மாட்டேன்றாரு. பைப்பையும் விடல. ரெண்டு பைப்ப நான் தூக்கி எறிஞ்சேன். ஒரு வாரம் எங்கூட பேசல, சாப்பிடல. மூணாவத தலைகாணிக்கு அடியில வெச்சிட்டுத் தூங்குறாரு."

"அய்யோ, சார் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே டீச்சர்."

"உங்கிட்ட எப்படிச் சொல்லுவாரு? அந்த பைப்புல ஏதோ கொழகொழன்னு சத்தம் வருதாம். நாளைக்கு உங்கிட்ட எடுத்துட்டு வர்றாரு. நீ ஒரு வார்த்தை சொல்லணும் ஹேமா. இது சரி பண்ண முடியாது, போயிடுச்சுன்னு சொல்லு. நான் சொன்னா கேக்கமாட்டாரு. நீ சொன்னா நம்புவாரு."

உள்ளே பாண்டியன் உதட்டின் நல்ல பக்கத்தில் ஸ்ட்ரா வைத்துக் கஞ்சியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எழிலரசி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ஹேமலதா வேறெதையும் யோசிக்கவில்லை. "சொல்றேன் டீச்சர்" என்றாள்.

மறுநாள் வேதாசலம் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையை ஊன்றிக்கொண்டு நடந்து வந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. ஆற்காட்டிலிருந்து யாரோ வாங்கி வந்ததென்று ஒரு டப்பா மக்கன் பேடாவைப் பாண்டியனுக்குக் கொடுத்தார். "நல்லா சாஃப்டா இருக்கும்ப்பா, மெல்ல வேணாம்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பைப்பை எடுத்து நீட்டினார்.

"இழுத்தா தண்ணி சத்தம் வருதும்மா. வாய்க்குழலும் லேசா ஆடுது. பாரு."

ஹேமலதா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பைப்பில் ஒன்றுமில்லை. காம்புக்குள் சாறு கட்டியிருந்தது, அவ்வளவுதான். சூடு ஆறுவதற்கு முன்னால் வாய்க்குழலைக் கழற்றிக் கழற்றி அது கொஞ்சம் தளர்ந்திருந்தது. அரை நாள் வேலை. அவள் சின்ன டார்ச்சைக் கிண்ணத்துக்குள் அடித்து நெடுநேரம் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சார், அடியில வெடிச்சிடுச்சி சார்."

"எங்க?"

"உள்ள. கட்டையே கருகிப் போயிருக்கு. இன்னும் பத்தவெச்சா அடியில ஓட்டை விழுந்துடும்."

அவர் பைப்பை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்குக் கறுப்புக்குள் கறுப்பு என்ன தெரியும்? கட்டைவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா. ஏதாவது வெச்சி அடைக்க முடியாதா?"

"முடியாது சார்."

"சரி" என்றார். "நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்." சிறிது நேரம் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "எடுத்துட்டுப் போயி இன்னா பண்ணப் போறேன்? வாய்க்குழலாவது வேற யாருக்காவது ஆவும். வெச்சிக்க."

போகும்போது ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். பஸ் ஸ்டாண்டுவரை கூட வருகிறேன் என்றவளை வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனார். தெருமுனையில் திரும்பும்போது, எந்தப் பக்கம் போவதென்று மறந்தவர் போல அவர் நின்றதை ஹேமலதா பார்த்தாள்.

அந்தப் பைப்பை அப்படியே பீரோவுக்குள் போட அவளுக்குக் கை வரவில்லை. சாறு கட்டிய காம்பைக் கம்பியும் பஞ்சும் விட்டுச் சுத்தம் செய்தாள். உப்பு போட்டு ஊற வைத்தாள். வாய்க்குழலின் தளர்ந்த முனையை லேசாகச் சூடு காட்டி விரித்து, காம்பில் இறுகப் பொருத்தினாள். மெழுகு போட்டாள். பிறகுதான் பூட்டினாள். எதற்காகச் செய்தோம் என்று அவளுக்கே புரியவில்லை.

எழிலரசி மூன்று வாரம் கழித்துப் போன் செய்தாள்.

"பீடி குடிக்கிறாரு ஹேமா."

"யாரு, சாரா?"

"பேரணாம்பட்டு பீடி. முக்குக் கடையில போயி கட்டு கட்டா வாங்குறாரு. பைப்பு காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அவ்ளோதான் புடிப்பாரு. இப்ப கணக்கே இல்ல. ராவெல்லாம் இருமுறாரு. டெஸ்ட்டுக்கு வான்னா, 'என் பைப்பே போயிடுச்சி, இனிமே இன்னா இருந்தா இன்னா'ன்றாரு. நல்லது பண்றோம்னு நெனச்சி நாமளே கெடுத்துட்டோம்."

நாமளே என்று அவள் சொன்னதை ஹேமலதா மறுக்கவில்லை. போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து பைப்பை எடுத்தாள். பாண்டியன் பார்த்துக்கொண்டிருந்தான். யாருடையது என்று கேட்டான். அவள் அதுவரை அவனிடம் சொல்லாமல் வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் பைப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவனுடைய உடைந்த பேச்சில் கேட்டான். "எம் பொகையில பொட்டலத்த எத்தினி தடவ சாக்கடையில போட்ட?"

"எத்தினியோ தடவ."

"நான் விட்டனா?"

அவள் தலையாட்டினாள். சாக்கடையில் போட்டுவிட்டு நின்ற அன்றெல்லாம், அவன் ஒரு சண்டையும் போடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இத்தனை பட்டவள், தெரிந்தே அதே காரியத்தை இன்னொருவருக்குச் செய்திருக்கிறாள்.

"குடுத்துட்டு வந்துடு" என்றான் பாண்டியன். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது அவனும் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். ஆஸ்பத்திரி நாள் இல்லாத நாளில் அவன் வெளியே வந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சத்துவாச்சாரி வீட்டில் எழிலரசியும் இருந்தாள். அவர்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. வேதாசலம் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த பீடியைச் சட்டென்று கீழே போட்டுக் காலால் மூடினார். வந்திருப்பது ஹேமலதா என்று தெரிந்ததும் சிரித்தார்.

"அட, வாம்மா. பாண்டியனும் வந்திருக்காரா! எழில், சேர் எடுத்துட்டு வா."

ஹேமலதா உட்காரவில்லை. கைப்பையிலிருந்து பைப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சார், இதுல வெடிப்பு இல்ல சார். நான் பொய் சொன்னேன்."

அவர் பைப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாயில் வைத்து, பற்றவைக்காமல், ஒருமுறை இழுத்தார். தண்ணீர்ச் சத்தம் இல்லை. காற்று சுத்தமாகப் போய்வந்தது. சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நான்தான்ப்பா சொல்லச் சொன்னேன்" என்று எழிலரசி முன்னால் வந்தாள். "அவ மேல தப்பில்ல."

"நீ சொல்லச் சொன்ன, சரி. நீ பொண்ணு. பைப்ப தூக்கி எறிவ, பொய் சொல்லுவ, அழுவ. அது வேற." அவர் குரல் உயரவில்லை. ஹேமலதாவின் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா சொன்ன? என் கண்ணுதான் போச்சு, உன் கண்ணு இருக்குன்னு நம்பித்தானே எடுத்துட்டு வந்தேன். கட்டையப் பத்தி நீயே பொய் சொன்னா நான் யார்கிட்ட போயி கேக்குறது?"

"உங்களுக்கு நல்லதுன்னுதான் சார்..." என்று தொடங்கிய ஹேமலதா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதைச் சொல்ல அவளுக்கே கூசியது.

"மூணு வாரமா நான் இன்னா நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா? அவ்ளோ வருஷம் வெச்சிருந்தத நானே சரியா பாத்துக்காம கருக்கிட்டேன்னு நெனச்சேன்." அவர் பைப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போய்ட்டு வாங்க. எழில், அவங்களுக்கு காபி குடுத்து அனுப்பு."

அவ்வளவுதான் என்று ஹேமலதா நினைத்தாள். அப்போது பாண்டியன் அவளைத் தாண்டி முன்னால் போனான். கல்லுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

எழிலரசி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாடை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளமும், வேறு நிறத்தில் ஒட்டுப்போட்ட சதையும், ஓயாமல் எச்சில் வழியும் கோணல் உதடும் நல்ல வெயிலில் தெரிந்தன. வேதாசலம் அவனை நோய்க்கு முன்னும் பின்னும் எத்தனையோ தடவை பார்த்தவர்தான். துண்டு இல்லாமல் பார்த்ததில்லை. அவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பாண்டியன் ஏதோ கேட்டான். இரண்டே சொல். வேதாசலத்துக்குப் புரியவில்லை.

"இன்னாப்பா?"

மறுபடி கேட்டான். காற்றும் எச்சிலுமாக வந்தது. ஹேமலதா அதை எடுத்துச் சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி நிறுத்தினான். உதட்டின் நல்ல பக்கத்தை விரலால் பிடித்துச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

"பயமா கீதா?"

வேதாசலத்துக்கு இந்தத் தடவை புரிந்தது. அவர் குனிந்து தன் காலடியில் நசுங்கிக் கிடந்த பீடியைப் பார்த்தார். கன்னத்தின் உட்பக்கத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பது வெளியே தெரிந்தது.

"ஆமாம்ப்பா" என்றார். "ரொம்ப பயமா இருக்கு."

"எனக்கும் இருந்துச்சி" என்றான் பாண்டியன். "பயந்துட்டு ஒரு வருஷம் போவல. அதான் இவ்ளோ எடுத்தாங்க. வியாழக்கிழமை எனக்கு செக்கப்பு. வாங்க, போலாம்." அதில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். வியாழக்கிழமை என்பது புரிந்தது.

அந்த வியாழக்கிழமை அவர் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் எழிலரசி ஆட்டோவை அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் பாண்டியனும் அவரும் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள். எந்தக் கவுன்டர், எந்த மாடி, எந்த வரிசையில் உட்கார்ந்தால் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் பாண்டியனுக்குத் தெரியும். சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எழிலரசி தினமும் ஹேமலதாவுக்குப் போன் செய்தாள். பேச ஒன்றும் இருக்காது, இருந்தாலும் வைக்கமாட்டாள். கடைசியில், புற்று இன்னும் ஆகவில்லை, ஆனால் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது, திட்டை எடுத்துவிடலாம், அதற்கப்புறம் விடாமல் வந்து காட்டவேண்டும், புகையை அறவே நிறுத்தவேண்டும் என்று சொன்னார்கள். எடுத்தார்கள்.

பீடி நின்றது. பைப் நின்றதா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருநாள் எழிலரசி சொன்னாள். மொட்டைமாடிப் பக்கம் வாசனை வந்தது என்று இன்னொரு நாள் சொல்லி அழுதாள். அதைத் தூக்கி எறிய அவள் மறுபடி போகவில்லை.

ஹேமலதாவிடம் அவர் அந்தப் பைப்பைப் பிறகு கொண்டுவரவே இல்லை. அவள் பொய் சொன்னதைப் பெங்களூர் நண்பர்கள் யாரிடமும் அவர் சொல்லவும் இல்லை. வழக்கம்போல டப்பாக்கள் வந்துகொண்டிருந்தன. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும். இப்போதெல்லாம் ஒரு பைப் வந்தால், சரியாக இருக்கிற இடத்தையும் பழுதான இடத்தையும் டார்ச் அடித்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் கை வைப்பாள். கொச்சிக்காரர் ஒருவர், இதெல்லாம் எதற்கு, உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அவள் அடுத்த போட்டோவை அனுப்பினாள்.

பாண்டியனும் வேதாசலமும் சேர்ந்துதான் இப்போது செக்கப்புக்குப் போகிறார்கள். முடிந்ததும் எதிரே டீக்கடையில் உட்காருவார்களாம். பாண்டியன் அங்கே துண்டை எடுத்துவிட்டு ஸ்ட்ராவில் டீ குடிப்பானாம். அவன் பேச்சில் முக்கால்வாசி இப்போது அவருக்குப் புரிகிறதாம். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து பாண்டியன் சொல்லும்போது ஹேமலதா சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பாள். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று ஒருதரம் கேட்டாள். இல்லை என்றான் அவன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

செக்கப்புக்கு முந்தின நாள் மாலையில் போன் வரும். வீட்டில் இருப்பது ஒரே போன், அதை அவள்தான் எடுப்பாள்.

"சார், நல்லா இருக்கீங்களா சார்?" என்பாள்.

மறுபக்கத்தில் ஒரு இருமல் கேட்கும்.

"பாண்டியன் இருக்காரா?" என்பார் வேதாசலம்.

அவள் போனைக் கொண்டுபோய்ப் பாண்டியனிடம் கொடுப்பாள்.